பதினோரு பூந்தொட்டிகள்

என்னை ஏமாற்றியவர்களை வரிசையாக நிற்க வைத்தால் எங்கள் தெருமுனையிலிருந்து போட்டாதாங் படகுத்துறை வரைக்கும் போகும் என்று கோபம் வரும்போது சொல்வேன். சரியாக எண்ணினால் இருபத்து மூன்று பேர்தான். அதில் ஒருவர் என் வீட்டுக்காரர். ஒருத்தி, கூடப் பிறக்காத குறையாக நான் நினைத்துக்கொண்டிருந்தவள். மற்ற இருபத்தோரு பேரும் நல்லவர்கள், படித்தவர்கள். எனக்குக் காய்ச்சல் என்றால் ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வருகிறவர்கள். அதுதான் இன்னும் எரிச்சல்.

நான் பேய்க்குப் பெயிண்ட் அடிக்கிறவள். மாதா கோயிலில் என்னை அப்படித்தான் கிண்டல் செய்வார்கள். அக்டோபர் முழுக்கப் பேய்களோடு குடித்தனம் நடத்திவிட்டு, நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தியும் பூவுமாக வந்து நிற்கிறாயே, உனக்கே இது நியாயமா என்று பாடகர் குழுவில் ஒரு அம்மா வருஷம் தவறாமல் கேட்பார். வருஷத்தில் ஒரு மாதம் செத்தவர்களையும் சிரிக்க வைக்க யாராவது வேண்டாமா என்று நானும் வருஷம் தவறாமல் பதில் சொல்வேன்.

பர்மாவுக்கு வந்த நாளிலிருந்தே எங்கள் வீட்டில் கையால் வேலை செய்து பழக்கம் கிடையாது. அப்பா, சித்தப்பா எல்லாரும் மிஷன் பள்ளியில் படித்து மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள். நானும் ஸ்ட்ராண்ட் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து தலைமை கிளார்க்காக வெளியே வந்தவள். வேலையில் கடைசி வருஷங்களில் ஒரு வெளிநாட்டு மேனேஜர் வந்தார். அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீன் என்கிற பேய்த் திருநாளுக்கு ஆபீசில் முகம் வெட்டிய பூசணிக்காய் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். நம் சந்தையில் கிடைக்கும் பூசணி பச்சையும் சாம்பலுமாகத் தட்டையாக இருக்கும். அதில் முகம் வெட்டினால் பல்வலிக்காரன் மாதிரி இருந்தது. அப்போதுதான் எனக்கு அவள் ஞாபகம் வந்தாள்.

அவள் பாலத்துக்கு அந்தப் பக்கம் தாகேதாக்காரி. என்னைவிட ஆறு வயது சின்னவள். அவளுடைய தாத்தா முனிசிபாலிட்டி வேலைக்கு வந்தவர், அப்பாவும் அதே வேலை. இவள் ஒரு பர்மியக் கிழவரிடம் கூலிக்குச் சேர்ந்து காகிதப் பொம்மை செய்யக் கற்றுக்கொண்டு, தடிஞ்சுட் விளக்குத் திருவிழாவுக்கு எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து விற்பாள். தள்ளினாலும் எழுந்து நிற்கும் பொம்மை, தங்க நிற ஆந்தை ஜோடி, தலையாட்டும் புலி. தமிழில் பேச ஆள் கிடைத்ததே என்று நான்தான் முதலில் பேச்சுக் கொடுத்தேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூசணிக்காய் காகிதத்தில் செய்து தருவாயா என்று கேட்டேன். செய்துகொண்டு வந்தாள். கண்ணும் வாயும் நான் வரைந்தேன். சும்மா இருக்காமல் இரண்டு கன்னத்திலும் வட்டமாகத் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிவிட்டேன், நம் பெண்கள் பூசிக்கொள்கிற மாதிரியே. மேனேஜர் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து சாய்ந்து சிரித்தார். அதைப் பார்த்த ஓய்வு பெற்ற ஒரு கப்பல் கேப்டன், பர்மியர், தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். அவருக்குத் தெரிந்த ஒரு பல் டாக்டரம்மா, லான்மடாவில் கிளினிக் வைத்திருப்பவர், தனக்கும் வேண்டும் என்றார். இப்படித்தான் எங்கள் கூட்டம் சேர்ந்தது.

அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒரு புதுப் பேய். தென்னந்துடைப்பத்தில் தமெயின் கைலி கட்டிக்கொண்டு பறக்கும் சூனியக்காரி ஒரு வருஷம். டிபன் கேரியரோடு பஸ்ஸுக்கு நிற்கும் பேய் ஒரு வருஷம். டீக்கடை முக்காலியில் உட்கார்ந்து மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா சேவை சாப்பிடும் எலும்புக்கூடு ஒரு வருஷம். யோசனை என்னுடையது, உருவம் அவளுடையது, வர்ணம் என்னுடையது. அவள் களிமண்ணில் அச்சு செய்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் துவாந்தே குயவர்களிடம் கொடுத்துச் சுட்டு வாங்கி வருவாள். அதன் மேல் நனைத்த செய்தித்தாளை முதல் சுற்றாக ஒட்டி, பிறகு மரவள்ளி மாவுப் பசை தடவிச் சுற்றுச் சுற்றாகக் காகிதம் ஏற்றி, காயவைத்து, பிளேடால் நடுவே அறுத்து அச்சை உருவிவிட்டு, இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டி, வெள்ளை பூசி என்னிடம் அனுப்புவாள். நான் கண் திறந்து, கன்னத்துக்குத் தனாக்கா வைத்து, அடியில் ஒரு எறும்பு வரைந்து முடிப்பேன். எறும்புதான் என் கையெழுத்து. அதன் இடது பின்கால் கொஞ்சம் நொண்டும், எத்தனை தடவை வரைந்தாலும் எனக்கு அப்படித்தான் வரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கூட்டம் சேர்ந்த முதல் வருஷமே ஒருவர் தனக்கு மட்டும் ஐந்து வேண்டும், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கெல்லாம் அனுப்ப வேண்டும் என்று நச்சரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. கையெழுத்து அதிகாரம் உள்ளவர் வேலையை விட்டுப் போனால் அவருடைய ரப்பர் ஸ்டாம்பை இரண்டு சாட்சிகள் முன்னால் பிளேடால் கீறி அழித்துவிடுவோம். அதற்குப் பிறகு அந்த முத்திரை எந்தக் காகிதத்திலும் விழாது என்று எல்லாரும் நிம்மதியாக இருக்கலாம். அதை நினைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் எழுந்து சொன்னேன்: வருஷத்துக்கு இருபத்தொன்றுதான், ஆளுக்கு ஒன்றுதான், முடிந்ததும் அச்சை உங்கள் கண் முன்னாலேயே உடைப்பேன், பிறகு அந்தப் பேய் உலகத்தில் மறுபடி பிறக்காது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அவள் அப்போது டீத் தட்டோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள் என்றுதான் எனக்கு ஞாபகம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு அக்டோபர் கடைசிச் சனிக்கிழமையும் பிற்பகல் மூன்று மணிக்கு, படகுத்துறைப் பக்கம் ஒரு டீக்கடையின் பின்கட்டில் அச்சு உடைக்கிற சடங்கு நடந்தது. அவள் அச்சைப் பழைய லுங்கியில் பொதிந்து எடுத்து வருவாள், சில்லு தெறித்து யார் கண்ணிலும் படக்கூடாதே என்று. நான் சுத்தியலை ஓங்கி ஒரே போடு போடுவேன். உள்ளே கலகலவென்று நொறுங்கும். எல்லாரும் கைதட்டுவார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரர் மூட்டையைத் தூக்கிக்கொண்டுபோய் ஆற்றில் கொட்டிவிட்டு வருவார். கொரோனா வருஷத்தில் ஆறே பேர், மாஸ்க் போட்டுக்கொண்டு எட்டி எட்டி நின்றார்கள். அதற்கு அடுத்த வருஷம் பட்டாளம் ஆட்சியைப் பிடித்து, நாலு பேர் ஒன்றாக நிற்கவே பயப்பட்ட காலம். அவள் பாலம் தாண்டி வர முடியாது என்று முதல் நாளே மூட்டையை யாரிடமோ கொடுத்தனுப்பிவிட்டாள். நான் தனியாக அதைச் சுமந்துகொண்டு போனேன். வழியில் பட்டாளத்துக்காரர்கள் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். சுத்தியலை எடுத்துப் பார்த்தார்கள், மூட்டையை அமுக்கிப் பார்த்தார்கள், அவிழ்க்கச் சொல்லவில்லை. போய் மூன்று பேர் முன்னால் உடைத்தேன். வாக்கு என்றால் வாக்கு. என்னிடம் நகை கிடையாது, சொந்த வீடு கிடையாது. சொன்னால் சொன்னதைச் செய்வாள் என்கிற ஒரு பேர்தான் இருந்தது.

போன அக்டோபர் பன்னிரண்டாவது வருஷம். எல்லா வருஷத்துப் பேய்களையும் ஒரே மேஜையில் வைத்து ஒரு கண்காட்சி மாதிரி செய்யலாம் என்று கேப்டன் யோசனை சொன்னார். பதினோரு பேர் ஆளுக்கொரு வருஷத்துப் பொம்மையைக் கொடுத்தார்கள். வர்ணம் போன இடத்தைச் சரிசெய்து தருகிறேன் என்று நான்தான் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டு வரச் சொன்னேன். வந்ததும் எனக்கு இன்னொரு ஆசை தட்டியது. கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊர். ஒவ்வொன்றின் உள்ளேயும் பாட்டரியில் எரிகிற சின்ன பல்பு ஒன்றை வைத்துவிட்டால் இருட்டிலும் கண் மின்னுமே என்று. பல்பை எங்கே ஒட்டலாம் என்று பார்க்க, பல் டாக்டரம்மாவின் டிபன் கேரியர் பேயைக் கவிழ்த்து அடி ஓட்டை வழியாக டார்ச் அடித்தேன்.

உள்ளே முதல் சுற்றுக் காகிதம் அப்படியே அச்சடித்த பக்கமாகத் தெரியும். அதில் ஒரு படம் இருந்தது. மாஸ்க் போட்ட நர்ஸ் ஒருத்தி யாருக்கோ ஊசி போடுகிறாள். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாருமே மாஸ்க். கொரோனா தடுப்பூசி என்று பர்மிய எழுத்தில் கீழே போட்டிருந்தது. அந்தப் பேய் மூன்றாவது வருஷத்துப் பேய். அந்த நோய்க்கு அப்போது பேர்கூட வைக்கவில்லை.

கள்ளப் பொம்மை என்றால் வர்ணம் காட்டிக்கொடுக்குமே என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கன்னத்துத் தனாக்கா என் சுழி. இமை மயிர் என் இழுப்பு. அடியில் எறும்பு. அதன் இடது பின்கால் நொண்டியது. நான் வரையவே இல்லை, ஆனால் கோர்ட்டில் நிறுத்திக் கேட்டாலும் நான்தான் வரைந்தேன் என்று சத்தியம் செய்திருப்பேன். மற்ற பத்தையும் கவிழ்த்துப் பார்த்தேன். சிலவற்றில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இன்னும் நாலில் இருக்கக்கூடாத வருஷத்துச் செய்தி இருந்தது. ஐந்து பேய்கள் செத்துப் பிழைத்திருந்தன.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். என் குரலிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது. பர்மிய மொழியில் மெதுவாகச் சொன்னார். கிளினிக்கில் மழைத்தண்ணீர் புகுந்து அவருடைய பேய் கூழாகிப் போனதாம். அழுதுகொண்டே அவளிடம் சொன்னாராம். ஒரு மாதத்தில் அதே பேயை அவள் கொண்டுவந்து கொடுத்தாளாம். ஆக, அச்சு உடையவில்லை என்பது உங்களுக்குத் தெரியும் என்றேன். தெரியும் என்றார். வேறு யாருக்குத் தெரியும் என்றேன்.

"எல்லாருக்கும் தெரியும், சயாமா. உங்ககிட்ட சொல்ல எங்களுக்கு ஆனாடே."

சயாமா என்றால் டீச்சரம்மா. மரியாதைக்கு அப்படிக் கூப்பிடுவார்கள். ஆனாடே என்பதற்குத் தமிழில் நேரான சொல் கிடையாது. இந்த ஊரில் பிறந்த எவருக்கும் அதை விளக்கவும் தேவையில்லை. உண்மையைச் சொன்னால் எதிரில் இருப்பவர் மனசு நோகுமே என்று வாயை மூடிக்கொள்வது. சாப்பாட்டில் உப்பு அதிகம் என்று சொல்லாமல் இன்னொரு தடவை போட்டுக்கொள்வது. நல்ல குணம்தான், நானும் இதில்தான் வளர்ந்தேன். ஆனால் அதைப் பதினோரு வருஷம், இருபத்தோரு பேர், ஒரே ஆள் மேல் போட்டால் அதற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருஷமும் கைதட்டினார்களே. கண்ணைத் துடைத்துக்கொண்டார்களே. யாருக்காக?

வீட்டுக்காரர் மொஹிங்கா வாங்கிக்கொண்டு வந்தார். நான் கொட்டித் தீர்த்தேன். அவர் ஸ்பூனைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அது பூந்தொட்டிதானே என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆற்றில் கொட்டும்போது ஒவ்வொரு வருஷமும் பார்த்தாராம், நடுவில் ஓட்டை போட்ட தொட்டி அடி. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். அது உங்கள் இரண்டு பேருக்குள் ஒரு ஏற்பாடு என்று நினைத்தேன், சடங்கில் எல்லாம் நிஜத்தையா உடைப்பார்கள் என்றார். முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்திய மனுஷன். அன்றைக்கு அவரோடு நான் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை.

மறுநாள் காலை பஸ் ஏறித் தாகேதா போனேன். பாலத்தைக் கடக்கிற வரைக்கும் மனசுக்குள் வசனம் ஓட்டிக்கொண்டே போனேன். என் கண்ணில் மண்ணைத் தூவினாயே, என் சோற்றைத் தின்றவள் நீ, இப்படியெல்லாம். அவள் வீட்டு முன்னால் அடுப்பில் பசை கிண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. டாக்டரம்மா போன் செய்திருப்பார். கட்டி தட்டிவிடும் என்று கிண்டுவதையும் நிறுத்தவில்லை. நான் வாயைத் திறந்தபோது தயார் செய்த வசனம் ஒன்றும் வரவில்லை.

"அப்ப நான் இத்தன வருசமா என்னத்தத்தான் உடச்சேன்?"

"தொட்டிக்கா. வெளிம்பு போன தொட்டி. அச்சு சுட்டு வாங்கப் போறப்ப துவாந்தேல சும்மாவே குடுப்பாங்க."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வெட்கமோ பயமோ எதுவும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு தகரப் பெட்டிகளை இழுத்தாள். பதினோரு அச்சுகளும் இருந்தன. ஒவ்வொன்றும் பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூடச் சட்டையில் சுற்றியிருந்தது. வித்தாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். பொம்மை கெட்டுப்போனவர்களுக்கு மட்டும் செய்து கொடுத்தாளாம், ஒருவரிடமும் ஒன்றும் வாங்கவில்லையாம். காசுக்காகச் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுத் திரும்பியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. எறும்பைக்கூடப் போட்டிருக்கிறாயே என்றேன். எறும்பு இல்லாவிட்டால் அது உங்கள் பேய் இல்லையே என்றாள். எப்போது கற்றுக்கொண்டாய் என்று கேட்க வந்து நிறுத்திக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். என் கையை அவள் இவ்வளவு கவனித்திருக்கிறாள். நான் இல்லாமலே நான் நடந்துகொண்டிருக்கிறேன். அழுகைதான் வந்தது, ஆனால் அவள் வீட்டில் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நான் கொடுத்த வாக்கைப் பொய்யாக்கிவிட்டாயே என்றேன். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அவள் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

"வாக்கு குடுத்தது நீங்க. அச்சு செஞ்சது நானு. உடைக்கலாமான்னு என்ன ஒரு வார்த்த கேட்டீங்களாக்கா? அத்தன பேருக்கு முன்னாடி உங்க மொகத்த முறிக்க மாட்டாம நின்னேன். ஒரு அச்சுக்கு எனக்கு ஒரு மழக்காலம் போவுது."

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் நியாயம் இருக்கிறது என்பதற்காக வலி குறைந்துவிடுமா? அன்றைக்கே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே. பதினோரு வருஷத்தில் எத்தனை பகல்கள் என் வீட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெள்ளை பூசியிருக்கிறாள். என் தம்பி செத்தபோது மூன்று நாள் கூடவே இருந்தாள். ஒரே ஒரு பகல், அக்கா இதை உடைக்க எனக்கு மனசில்லை என்று சொல்லியிருந்தால் நான் என்ன கழுத்தையா நெரித்திருப்பேன்? இதைக் கேட்டேன். நீங்க கேக்கிற ஆளில்லக்கா என்றாள், அவ்வளவுதான். பசை ஆறிவிடும் என்று எழுந்து போனாள்.

கிளம்பும்போது வாசலில் நின்று சனிக்கிழமைக்கு என்ன செய்யணும் என்று கேட்டாள். நிஜத்தைக் கொண்டு வா என்றேன். கொண்டு வருகிறேன் என்றாள். உடைக்கிறதுக்கு முன்னால் ஒரு தரம் அவிழ்த்துப் பாருங்கள், அது போதும் என்றாள்.

சனிக்கிழமை எல்லாரும் வந்திருந்தார்கள். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட விடாமல் வந்தது அன்றைக்குத்தான். மேஜையில் பதினோரு வருஷத்துப் பேய்களும் வரிசையாக நின்றன. நான் பல்பு எதையும் வைக்கவில்லை. கேப்டன் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார், டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டார், என்ன டீ வேண்டும் என்று மூன்று பேர் கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் வந்து மூட்டையை எனக்கு முன்னால் வைத்துவிட்டு இரண்டு எட்டுத் தள்ளி நின்றாள்.

நான் முடிச்சை அவிழ்த்தேன். இத்தனை வருஷமும் முடிச்சில் கை வைத்தது கிடையாது.

அந்த வருஷத்துப் பேய், கரண்டுக்காகக் காத்திருக்கும் பேய். ஒரு கையில் சார்ஜர், இன்னொரு கையில் பனையோலை விசிறி. யோசனை என்னுடையதுதான். எனக்கு அது சிரிப்புப் பேய், அதனால் இருபத்தொன்றுக்கும் உருண்டைக் கண்ணாக, பிதுங்கினாற்போல் வரைந்திருந்தேன். அச்சில் அந்தக் கண்கள் பாதி மூடியிருந்தன. இமையின் மடிப்பு, கீழே வீங்கிய பை, வாயோரத்தில் ஒரு சின்னச் சரிவு. ரொம்ப நாளாகக் காத்திருந்து, இனி வராது என்று தெரிந்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிற முகம். காகிதம் ஏறும்போது அதில் பாதி மழுங்கியிருக்கும், மீதியை நான் வெள்ளைக்கு மேல் என் கண்ணை வரைந்து மூடியிருக்கிறேன். விசிறி பிடித்த விரல்களில் நகம்கூட இருந்தது. நான் பார்த்ததே இல்லை. எத்தனை வருஷமாக இப்படி நான் பார்க்காமல் மூடினேனோ. ஒரு நிமிஷம் எனக்கு எல்லாக் கோபமும் வற்றிப் போயிற்று. நிமிர்ந்து அவளைப் பார்க்கலாம் என்றுதான் இருந்தேன்.

அப்போது கேப்டன் எழுந்து என் தோளில் கை வைத்தார். வேண்டாம் சயாமா, சுத்தியலைக் கொடுங்கள், எல்லாரும் டீ குடிக்கலாம் என்றார். சின்னப் பிள்ளையிடமிருந்து கத்தரிக்கோலை வாங்குகிற குரல். சுற்றிலும் எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள், அந்த அன்பான முகத்தோடு. இந்தத் தடவையும் நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு முன்னாலேயே கூடிப் பேசி முடிவு செய்துவிட்டு வந்திருக்கிறார்கள். நான் பெரிய மனசு பண்ணுவேன், அவளைக் கட்டிப்பிடிப்பேன், அவர்கள் கைதட்டுவார்கள்.

லுங்கியை மறுபடி மூடினேன். ஓங்கி அடித்தேன்.

உடையவில்லை. பூந்தொட்டிக்குப் பழகிய கை. இத்தனை வருஷமும் ஒரே போடில் நொறுங்கியதால், நிஜ அச்சு எவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. சுத்தியல் கையிலிருந்து எகிறியது. அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம், உடையவில்லையே என்று சிரித்து மழுப்பியிருக்கலாம். இரண்டாவது அடி அடித்தேன். உள்ளே எதுவோ விண்டது, ஆனால் முழுசாகப் போகவில்லை. அப்போதும் நிறுத்தியிருக்கலாம். அவள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாவது அடியில் உடைந்தது.

யாரும் கைதட்டவில்லை. டீக்கடைக்காரர்கூட வாசலில் வந்து நின்று பார்த்தார். என் வீட்டுக்காரர் வழக்கப்படி மூட்டையை எடுக்க எழுந்து வந்தார். அவள் அவரை ஒதுங்கச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து லுங்கியை விரித்தாள். பெரிய துண்டுகளைத் தனியாக எடுத்து வைத்தாள், சின்னச் சில்லுகளைக் கையால் கூட்டிச் சேர்த்தாள். விசிறி பிடித்த விரல்கள் இருந்த துண்டைத் முந்தானை முனையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எழுந்து நின்று என்னைப் பார்த்தாள்.

"இப்ப திருப்தியாக்கா?"

"திருப்திதான்" என்றேன்.

மற்றவர்கள் பதினோரு வருஷமும் ஒன்றும் சொல்லாமல்தான் இருந்தார்கள். முகத்துக்கு நேராகப் பொய் சொன்னது எங்களில் நான் ஒருத்திதான்.